நீர் நடுவே நீரின்றி வீழ்ந்த கோட்டை



திருக்குறளின் பொருட்பாலிலே ‘அரண்’ என்றோர் அதிகாரம் உண்டு. எழுபத்தைந்தாவது அதிகாரம். அன்புடைமை, செய்ந்நன்றியறிதல் முதலிய அதிகாரங்களைப் போல மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் பேறு இதற்கு வாய்க்கவில்லை. கோட்டைகளின் காலம் கடந்துவிட்டதே, இனி இதனால் என்ன பயன் என்று பலரும் கருதுவதுண்டு. எனினும் நம் நாட்டிலே கோட்டைகளுக்குக் குறைவில்லை. அவற்றைப் பார்க்கச் செல்வோருக்கும் குறைவில்லை. ஒரு கோட்டையை எப்படிப் பார்ப்பது, அதனிடம் எதைக் கேட்பது என்பதை இந்தப் பத்துக் குறள்களும் கற்பிக்கின்றன. இன்று அந்தப் பாடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கடற்கோட்டைக்குச் சென்று வருவோம்.

வள்ளுவர் அரணுக்குரிய உறுப்புக்களாக நீர், வெளிநிலம், மலை, காடு என நான்கினைக் கூறுகின்றார். மதிலுக்கு உயரமும் அகலமும் திண்மையும் நெருங்குதற்கு அருமையும் வேண்டுமென்கின்றார். இவை வெளியிலிருந்து வருபவனை நோக்கியவை. ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. கோட்டையானது பகைவர் கொள்ளுதற்கு அரியதாக இருந்தால் மட்டும் போதாது. உள்ளே உணவுப் பொருள் நிறைந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் நிலைத்திருப்பதற்கு எளிதாகவும் இருக்க வேண்டும் என்று வேறொரு குறளில் வற்புறுத்துகின்றார். வெளியே உள்ளவனுக்கு அருமை, உள்ளே உள்ளவனுக்கு எளிமை. இந்த இரண்டும் சேர்ந்ததே அரண். கோட்டை பார்க்கச் செல்லும் நம்மில் பெரும்பாலோர் முதலாவதை மாத்திரமே பார்க்கின்றோம். மதிலின் கனத்தைக் கண்டு வியக்கின்றோம். பீரங்கி வைத்த இடத்தைக் கேட்கின்றோம். உள்ளிருந்தவர்கள் எதைக் குடித்தார்கள் என்று கேட்பவர் குறைவு. கடற்கோட்டையின் வரலாறோ அந்த ஒரு கேள்வியிலேயே தங்கியிருக்கின்றது.

வழியும் நீரும்

யாழ்ப்பாண நகரிலிருந்து இக்கோட்டைப் பக்கம் செல்ல இரு வழிகள் உள. ஒன்று, வட்டுக்கோட்டை ஊடாகச் சென்று பொன்னாலைத் தாம்போதியைக் கடந்து காரைநகரை அடையும் வழி. மற்றையது, பண்ணைத் தாம்போதி வழியே சென்று அல்லைப்பிட்டி, வேலணை ஆகிய ஊர்களைத் தாண்டி ஊர்காவற்றுறையை அடையும் வழி. இரண்டு கரைகளுக்கும் இடையே குறுகிய ஒரு நீர்ப்பரப்பு. அதனைக் கடக்க நெடுங்காலமாகப் ‘பாதை’ எனப்படும் மிதவைச் சேவை இருந்து வருகின்றது. தரைவழிக்கும் நீரைக் கடக்கும் மிதவைக்கும் ஒரே சொல்லை வழங்கும் எம்மவர் வழக்கு சுவையானது. கோட்டை இந்த நீர்ப்பரப்பின் நடுவே, கரையுடன் எவ்விதத் தொடர்புமின்றி நிற்கின்றது. நடந்து போக வழியில்லை. படகில்தான் போகவேண்டும்.

இப்படகுப் பயணம் மிகச் சிறியது; சில நிமிடங்களில் முடிந்துவிடும். எனினும் இந்தக் கோட்டை ஏன் இங்கே இருக்கின்றது என்பதற்கான விடை முழுவதும் அந்தச் சில நிமிடங்களிலேயே கிடைத்துவிடுகின்றது. படகிலிருந்து கிழக்கே நோக்கினால் யாழ்ப்பாணப் பரவைக்கடல். ஆழமற்ற நீர்ப்பரப்பு அது. பெரிய மரக்கலங்கள் அதற்குள் புகமுடியாது. மேற்கே நோக்கினால் திறந்த கடல். தென்னிந்தியக் கரையிலிருந்தோ மன்னார்ப் பக்கமிருந்தோ வரும் கலம் யாழ்ப்பாணத்துக்குச் செல்ல விரும்பினால், இந்த வாயிலில் நங்கூரமிட்டுத் தன் சரக்கைச் சிறு வள்ளங்களுக்கு மாற்றியே அனுப்பவேண்டும். ஆகவே இந்த வாயிலைக் காப்பவன் யாழ்ப்பாணத்தின் கடல்வழி முழுவதையும் காத்தவனாகின்றான். இதனை வரைபடத்தில் பார்த்து அறிவதிலும் பார்க்க, படகில் இருந்துகொண்டு இரு கரைகளையும் மாறிமாறிப் பார்த்து அறிவது இலகு.

வாடைக்காற்றும் மழையும் கூடிய காலத்தில், அதாவது ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையில், கடல் குழம்பியிருக்கும். பங்குனி, சித்திரை மாதங்களில் நீர் தெளிந்து அடங்கியிருக்கும். பயணத்துக்கு உகந்த காலம் அதுவே. ஆயின் அதுவே தீவகத்தின் வரண்ட காலத் தொடக்கமும் ஆகும். கிணறுகளில் நீர் இறங்கி உவர் ஏறத் தொடங்கும் பருவம் அது. இந்தப் பருவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் தேவை வரும்.

கோட்டைக்கு முன்னரே இருந்த துறை

கோட்டை கட்டப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இத்துறை புகழ்பெற்றிருந்தது. பழைய பெயர் ஊராத்துறை. அதற்கான சிறந்த சான்று நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963 இல் வெளியிட்டார்.

அக்கல்வெட்டின் செய்தியை இக்கால நடையில் சொல்வதாயின் இவ்வாறு கூறலாம்: பிறநாட்டவர் ஊராத்துறைக்கே வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும். யானைகளையும் குதிரைகளையும் ஏற்றிவரும் கலம் உடைந்துபோனால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. யானை, குதிரை கொண்டுவருவோருக்கு மன்னன் கூடிய சலுகை காட்டியதன் காரணம் வெளிப்படை. அவை அவனது படைக்கு வேண்டியவை. சிங்கள நாட்டு மன்னன் ஒருவன் தனது துறைமுகச் சட்டத்தைத் தமிழில் பொறிப்பித்தான் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. துறையின் மொழி தமிழாயிருந்தது. வணிகரின் மொழியும் தமிழாயிருந்தது. சட்டம் படிக்கப்பட வேண்டியவர்களின் மொழியிலேயே எழுதப்பட்டது.

அதே நூற்றாண்டில், சோழன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டும் இத்துறையைக் குறிப்பிடுகின்றது. பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களில் கலங்களைக் கட்டிப் படை சேர்த்தான் என்பதும், சோழர் சார்பினர் வந்து தாக்கியதும் அதிலே பேசப்படுகின்றன. இவ்வாறு ஒருவன் வணிகனுக்கு அடைக்கலமளித்த துறை, மற்றவனுக்குப் பகைவனின் கடற்படைத் தளமாகத் தோன்றியது. கற்கோட்டை எழுவதற்கு முன்னரே இவ்விடத்துக்குக் கோட்டையின் தேவை தோன்றிவிட்டது எனலாம்.

பெயர்கள் சொல்லும் கதை

ஒரு மொழியாசிரியனுக்கு இவ்விடத்தின் பெயர்களே பெரும் விருந்து. பாளி நூலாகிய சூளவம்சம் கூறும் ‘சூகரதித்த’ என்ற துறை இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. சூகரம் என்றால் பன்றி. தித்த என்றால் துறை. சிங்களத்தில் ஊறாதொட்ட. அம்மொழியில் ‘ஊறா’ என்பதும் பன்றியைக் குறிக்கும். தமிழில் ஊராத்துறை, பின்னர் ஊரைக் காக்கும் துறை என்று பொருள்படுமாறு ஊர்காவற்றுறை. ஒரே ஒலியை ஒவ்வொரு மொழியினரும் தத்தமக்கு விளங்கும் பொருளாக்கிக் கொண்டமையை இங்கு காண்கின்றோம்.

போர்த்துக்கேயர் வந்தபின் இன்னொரு பெயர் சேர்ந்தது. அவர்கள் மொழியில் ‘காயிஸ்’ என்றால் இறங்குதுறை. வன்னிக் காடுகளில் பிடிக்கப்பட்ட யானைகளை இந்தியாவுக்கு ஏற்றியனுப்பிய இறங்குதுறை இது. அந்தக் காயிஸ் என்ற சொல்லே ஆங்கிலேயர் வாயில் ‘கயிற்ஸ்’ ஆகி இன்றும் அஞ்சல் முகவரிகளில் வழங்குகின்றது.

1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. அதன்பின் பதினேழாம் நூற்றாண்டிலே அவர்கள் இந்த நீர்வாயிலின் நடுவே இருந்த சிறு திட்டின்மீது முருகைக்கற்களால் கடற்கோட்டையை எழுப்பினர். எண்கோண வடிவினது, திட்டு முழுவதையும் தழுவி நிற்பது. மதிலுக்கும் கடலுக்கும் இடையே நிற்க இடமில்லை. எதிரே ஊர்காவற்றுறைக் கரையிலும் அவர்கள் கட்டிய வேறொரு கோட்டையின் இடிபாடுகள் உள. கரையில் ஒன்று, கடலில் ஒன்றென இரண்டும் சேர்ந்து வாயிலைப் பூட்டின.

பின்வந்த ஒல்லாந்தர் கடற்கோட்டைக்கு ‘ஹமன்ஹீல்’ என்று பெயரிட்டனர். பன்றித் தொடையின் குதிக்கால் என்பது அதன் பொருள். இலங்கைத் தீவின் உருவம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடையாகத் தோன்றிற்று. அதன் வடக்கு நுனியில் இக்கோட்டை இருந்தமையால் குதிக்கால் ஆயிற்று. மாம்பழமாகவும் முத்தாகவும் நாம் வருணிக்கும் தீவு, கப்பலில் உப்பிட்ட இறைச்சி உண்டு வந்தவனுக்கு இறைச்சித் துண்டாகத் தெரிந்ததில் வியப்பில்லை. பாளியிலே பன்றித்துறை என வழங்கிய இடத்துக்கு, பல நூற்றாண்டு கழித்து, எங்கோ வடகடலிலிருந்து வந்தவர்கள் பன்றித் தொடையின் பெயரை இட்டமை வேடிக்கையான ஒற்றுமை.

உழிஞையும் நொச்சியும்

கோட்டையை வளைத்துப் போரிடுதலை நம் இலக்கண நூலார் உழிஞை என்றனர். தொல்காப்பியர் முற்றுதலையும் கொள்ளுதலையும் உழிஞைத் திணையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை உள்ளிருந்து காப்போன் செயலை நொச்சி எனத் தனித் திணையாக்கியது. வெளியே இருப்பவனின் வீரம் வேறு, உள்ளே இருப்பவனின் வீரம் வேறு என்ற நுட்பமான உணர்வே இப்பாகுபாட்டுக்கு அடிப்படை. உள்ளே இருப்பவன் எதிரியோடு மட்டும் போராடவில்லை. பசியோடும் தாகத்தோடும் நாட்களோடும் போராடுகின்றான்.

1656 இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1658 இன் தொடக்கத்தில் றிக்லொப் வான் கூன்ஸ் என்பவரின் தலைமையில் தூத்துக்குடியையும் மன்னாரையும் பிடித்தபின் யாழ்ப்பாணத்தை நோக்கி வந்தனர். யாழ்ப்பாணக் கோட்டையை வளைத்துக்கொண்டிருந்தபோதே கடல்வாயிலையும் திறக்கவேண்டியிருந்தது. கடற்கோட்டையை முற்றுகையிட்டனர். வள்ளுவர் சொன்ன உறுப்புக்களுள் நீர் என்ற ஒன்று இக்கோட்டைக்கு நாற்புறமும் இருந்தது. ஏணி சாத்த இடமில்லை. சுரங்கம் தோண்ட நிலமில்லை. வெளியே உள்ளவனுக்கு அருமை என்ற முதல் இலக்கணம் பூரணமாகப் பொருந்தியிருந்தது.

ஆனால் அது இரண்டு வாரங்களுக்கு மேல் நிற்கவில்லை. காரணம் பீரங்கி மாத்திரமன்று, குடிநீர். திட்டிலே நன்னீர் ஊற்றில்லை. சேமித்து வைத்த நீரை நம்பியே உள்ளிருந்தோர் வாழ்ந்தனர். அந்நீர் இல்லாமற் போனபோது சரணடைவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. நான் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன பருவத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். முற்றுகை நடந்தது மழை ஓய்ந்து வெயில் ஏறும் மாதங்களில். வானத்திலிருந்து ஒரு துளி வந்து உதவும் காலமன்று அது. உள்ளே உள்ளவன் நிலைத்திருக்க எளிதாயிருத்தல் என்ற இரண்டாம் இலக்கணம் பொருந்தாத அரண், முதலாம் இலக்கணம் எவ்வளவு பொருந்தினும் அரணன்று என்பதை வள்ளுவருக்கு உரை எழுதியது போல இக்கோட்டை மெய்ப்பித்தது.

யாழ்ப்பாணக் கோட்டையும் அவ்வாண்டு ஆனி மாதத்தில் வீழ்ந்தது. படையுடன் வந்த பிலிப்பு பல்தேயஸ் பாதிரியார் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் தங்கிப் பணியாற்றியவர். அவர் 1672 இல் வெளியிட்ட பெருநூலில் இந்நிகழ்ச்சிகளையும் கோட்டையின் படத்தையும் காணலாம். கோட்டையைக் கைக்கொண்ட ஒல்லாந்தர் அதனை ஆராய்ந்தபோது இன்னொன்றையும் கண்டனர். வடபுறத்து மதில் வெளியே பார்வைக்குத் திண்மையாக இருந்ததேயன்றி, உள்ளே பொள்ளலாக இருந்தது. மரத் துலாக்களை இட்டு, அவற்றின்மேல் கல்லும் சுண்ணாம்பும் பரப்பப்பட்டிருந்தன. ஒல்லாந்தர் அம்மரங்களை நீக்கிக் கல் வளைவுகளால் அதனைப் புதுக்கினர். நன்னீருக்கும் வகை செய்தனர். வென்றவன் தன் வெற்றிக்குக் காரணமான குறையையே முதலில் திருத்தினான். தான் புகுந்த வழியாக இன்னொருவன் புகாதிருக்க வேண்டுமல்லவா?

தீவகத்து வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதாயிராது. வேலணை சாட்டிக் கிணறுகளின் நன்னீருக்கு ஏன் அவ்வளவு பெயர் என்பதை அவர்கள் அறிவார்கள். நாற்புறமும் கடலாக இருக்க, குடத்தோடு நெடுந்தூரம் நடந்த தாய்மார் அவ்வூர்களில் இன்றும் இருக்கின்றனர். ஒல்லாந்தப் படைத்தலைவன் இரண்டு வாரத்தில் கண்டுபிடித்த உண்மையை அத்தாய்மார் நாள்தோறும் சுமந்திருக்கின்றனர்.

ஒரு கைச்சாத்து

இதுவரை கூறியது ஏடுகளும் கல்வெட்டுக்களும் சொல்லும் வரலாறு. மக்கள் சொல்லும் வரலாறு இன்னொன்று. அவர்கள் இக்கோட்டையைப் பூதத்தம்பி கோட்டை என்பர்.

பூதத்தம்பி கதையை யாழ்ப்பாணத்தவர் கூத்தாகவும் இசை நாடகமாகவும் விடியவிடியப் பார்த்தவர்கள். செங்கை ஆழியான் ‘கடற்கோட்டை’ என்ற பெயரில் அதனை நாவலாக்கினார். பரவலாக வழங்கும் வடிவம் இதுதான்: ஒல்லாந்தர் ஆட்சியில் உயர்பதவி வகித்தவன் பூதத்தம்பி. அவன் மனைவி அழகவல்லி. உடன் பணிபுரிந்த அந்திராசி என்பவன் விருந்துக்கு வந்த வீட்டிலே அவள்மீது தீய எண்ணங்கொண்டு தூதனுப்புகின்றான். அவள் அதனை அவமதித்துத் திருப்புகின்றாள். வஞ்சம் வைத்த அந்திராசி, கடற்கோட்டை வேலைக்கு மரம் அனுப்பும் கட்டளை எழுதவேண்டும் என்று கூறி, வெற்றுத்தாளில் பூதத்தம்பியின் கைச்சாத்தைப் பெறுகின்றான். பின்னர் அத்தாளில் போர்த்துக்கேயருக்கு உதவுவதாக ஓர் இராசத்துரோகக் கடிதத்தை எழுதி மேலதிகாரியிடம் காட்டுகின்றான். பூதத்தம்பி கொல்லப்படுகின்றான். பின்னர் உண்மை வெளிப்பட்டு, விசாரணைக்காகக் கொழும்புக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்திராசி வழியில் யானையால் அடியுண்டு மாள்கின்றான்.

இது வரலாறா, கற்பனையா என்ற கேள்வி எழுவது இயல்பு. 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமான சில மாதங்களுக்குள், அவர்களைக் கொன்று ஆட்சியை மீட்கச் சதி செய்யப்பட்டதாகக் கூறிப் பலர் கடுமையாகத் தண்டிக்கப்பட்டனர் என்பது ஏட்டில் உள்ள செய்தி. புதிதாகக் கோட்டை பிடித்தவன் எவரையும் சந்தேகிப்பான். அச்சந்தேகம் தன் பகையைத் தீர்க்க நினைப்பவனுக்கு வாய்ப்பாகும். கோட்டையைக் கைப்பற்ற மூன்று வழிகளை வள்ளுவர் எண்ணுகின்றார்: முற்றுகையிடுதல், முற்றுகையின்றித் தாக்குதல், உள்ளிருப்போரைத் திரித்துக் கீழறுத்தல். மூன்றாவதைப் பற்றிய அச்சம் ஒரு நிரபராதியின் தலையை எப்படிக் கேட்கும் என்பதையே பூதத்தம்பி கதை சொல்கின்றது. கதையின் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஆவணத்தில் தேடவேண்டியதில்லை. அதன் மையத்தில் உள்ள அச்சம் அக்காலத்துக்கு உரியது என்பது தெளிவு.

இன்னொன்றும் என் கவனத்தை ஈர்த்தது. வஞ்சகன் கைச்சாத்துப் பெறுவதற்கு எத்தனையோ காரணங்களைச் சொல்லியிருக்கலாம். கதை அவன் வாயில் வைத்தது, கடற்கோட்டைக்கு மரம் என்ற காரணத்தை. கல்லால் ஆன கோட்டைக்கு எதற்கு மரம் என்று நாம் கேட்கலாம். ஆனால் மதிலே மரத் துலாக்களில் நின்ற கோட்டை இது என்பதை முன்னர் கண்டோம். கடல் நடுவே நிற்கும் கோட்டைக்கு மரமும் சுண்ணாம்பும் நீரும் கரையிலிருந்தே போகவேண்டும். அதற்கான கட்டளைகள் அடிக்கடி எழுதப்பட்டிருக்கும். கைச்சாத்து இடுபவன் படித்துப் பார்க்காமலே இடும் அளவுக்கு வழமையான கட்டளைகள் அவை. கதை கட்டியவர்கள் இத்துறையின் அன்றாட வாழ்வை அறிந்தவர்கள். மரம் தறித்தவர்கள், வள்ளத்தில் ஏற்றியவர்கள், கல் சுமந்தவர்கள் எவருடைய பெயரும் பல்தேயஸின் நூலில் இல்லை. அவர்கள் உலகத்தின் ஒரே அடையாளமாக அந்த ஒரு சொல் கதையில் தங்கியிருக்கின்றது.

இக்கதை இடம்பெறும் யாழ்ப்பாண வைபவமாலை, மயில்வாகனப் புலவரால் 18 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதப்பட்ட நூல். ஆளுபவரின் ஆட்சியிலே நேர்ந்த அநீதியை, ஆளுபவர் கேட்டு எழுதிய நூலிலேயே புலவர் பதித்துவிட்டார். அதுவும் ஒருவகை நொச்சி வீரம் என்று கொள்ளலாம்.

உள்ளே அடைக்கும் அரண்

1795 இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கடல்வாயிலைப் பீரங்கியால் காக்கும் தேவை படிப்படியாகக் குறைந்தது. நாடு சுதந்திரமடைந்த பின்னர் இக்கோட்டை சிறைக்கூடமாகப் பயன்பட்டது. 1971 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியோடு தொடர்பாகக் கைதானவர்கள் இங்கே அடைக்கப்பட்டனர். ரோகண விஜேவீரவும் இங்கு சிறையிருந்தவர்களுள் ஒருவர். வெளியே உள்ளவன் உள்ளே வராதிருக்கக் கட்டிய மதில், உள்ளே உள்ளவன் வெளியே போகாதிருக்க உதவியது. தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட இளைஞர்கள், தமக்குத் தெரியாத மொழி பேசும் மக்களின் இரு கரைகளுக்கு நடுவே, நீரைப் பார்த்துக்கொண்டு நாட்களைக் கழித்தனர். பூதத்தம்பியின் பெயர் வழங்கும் இடத்தில் இராசத்துரோகக் குற்றச்சாட்டு மீண்டும் ஒருமுறை வந்து தங்கியது.

பின்னர் போர்க்காலம். கடற்படை முகாமின் எல்லைக்குள் அகப்பட்ட கோட்டையை இரு கரை மக்களும் தூரத்திலிருந்தே பார்த்தனர். பலர் அவ்வாறு பார்க்கவும் அங்கே இல்லை. தீவகத்தின் பெரும்பகுதி இடம்பெயர்ந்து வெறிச்சோடியிருந்தது. 2009 இல் போர் முடிவுற்றபின், கடற்படை கோட்டையைப் புதுக்கி விருந்தினர் விடுதியாக்கியது. காரைநகர்ப் பக்கத்திலிருந்து கடற்படையினரின் படகில் சென்று பார்க்கும் வழி உண்டாயிற்று.

சிறைக்கூடம் விடுதியானதில் குறைசொல்ல ஒன்றுமில்லை எனச் சிலர் கூறுவர். நினைவிடமாக வேண்டிய இடம் வாடகை அறையாயிற்றே எனச் சிலர் வருந்துவர். என்னுடைய கவலை வேறொன்று. விடுதியின் பெயர் ஹமன்ஹீல். நம் மாணவர்கள் பலருக்கும் இப்போது அந்தப் பெயரே தெரிகின்றது. பூதத்தம்பி கோட்டை என்றால் விழிக்கின்றார்கள். ஊராத்துறைக் கல்வெட்டைச் சில மைல் தூரத்திலுள்ள நயினாதீவுக்குப் போய்வரும் அடியார்களிலேயே எத்தனை பேர் நின்று பார்த்திருப்பர்? ஒல்லாந்தன் இட்ட பெயர் விளம்பரத்தால் வாழ்கின்றது. நம் பெயர்கள் வாய்வழக்காலேயே வாழவேண்டியவை; வாய் மூடினால் அவையும் மறையும். கூத்து மேடைகள் குறைந்துவிட்ட இக்காலத்தில் அந்தப் பொறுப்பு பாடசாலைகளுக்கும், இத்தகைய நிகழ்ச்சிகளைக் கேட்கும் நேயர்களாகிய உங்களுக்கும் உரியதாகின்றது.

எனவே கடற்கோட்டைக்குச் செல்வோருக்கு ஓர் ஆசிரியனின் வேண்டுகோள். முடியுமாயின் முதல் நாள் நயினாதீவுக்குச் சென்று கல்வெட்டைப் பாருங்கள். உடைந்த கலத்தின் உடைமையில் உரியவனுக்கு எத்தனை பங்கு என்பதை அது சொல்லும். மறுநாள் படகில் ஏறும்போது கிழக்கே பரவைக்கடலையும் மேற்கே திறந்த கடலையும் பாருங்கள். கோட்டைக்குள் புகுந்ததும் பீரங்கி மேடையைத் தேடுவதற்கு முன், இங்கிருந்தவர்கள் நீருக்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். வடபுறத்து மதிலருகே நிற்கையில் அங்கே ஒருகால் மரத் துலாக்கள் இருந்தன என்பதை நினையுங்கள். கூட வரும் பிள்ளைகளுக்குத் திரும்பும் படகிலே பூதத்தம்பியின் கதையைச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் கைச்சாத்து இடலாகாது என்ற ஒரு பாடமாவது அவர்களோடு கரையேறும்.

வள்ளுவர் அரண் அதிகாரத்தை முடிக்கும்போது, எத்தகைய பெருமை உடையதாயினும் செயல்திறன் இல்லாதவரிடத்தில் அரண் இருந்தும் இல்லாததே என்கின்றார். கோட்டைகளுக்குச் சொன்ன இக்கருத்து, கோட்டைகளைப் பற்றிய நினைவுக்கும் பொருந்தும். முருகைக்கல் இன்னும் பல நூற்றாண்டுகள் உப்புக்காற்றில் நிற்கும். அதன் கதையைச் சொல்ல ஆளிருக்க வேண்டும்.